ஆமையை எங்கே வைப்பது? மண்டையோட்டுத் துளைகளும் தொல் ஊர்வனவும்

கல்லேடு:
தொல் ஊர்வனவற்றைக் கண்குழிக்குப் பின்னுள்ள துளைகளைக் கொண்டு வகைப்படுத்தும் முறையைக் கைவிட வேண்டும் என்ற வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. துளை இல்லாதது அனாப்சிடு, பக்கத்துக்கு ஒன்று உள்ளது சினாப்சிடு, இரண்டு உள்ளது டயாப்சிடு. மண்டையோட்டைக் கையிலெடுத்த எவரும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய அளவுகோல் இது. முப்பது கோடி ஆண்டு பழைய விலங்கிடம் மரபணுவைக் கேட்க முடியாது. எலும்பைத்தான் கேட்க முடியும்.

வேர்க்கிளை:
நண்பரே, அளவுகோல் எளிது என்பதை மறுக்கவில்லை. அது உறவைத்தான் அளக்கிறதா என்பதே என் ஐயம். 1903-இல் ஊர்வனவற்றை சினாப்சிடு, டயாப்சிடு என இரண்டாகப் பிரித்த அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஆஸ்பர்ன், ஆமையைச் சினாப்சிடுகளோடு சேர்த்தார். பின்னர் அனாப்சிடு என்ற பிரிவு வந்ததும் ஆமை அங்கே குடியேறியது. விலங்கு மாறவில்லை, பெட்டிதான் மாறியது! 1990-களின் இறுதியிலிருந்து வந்த மரபணு ஆய்வுகளோ ஆமையை முதலைக்கும் பறவைக்கும் அருகில் வைக்கின்றன.

எலும்பைக் கேட்கலாம் என்கிறீர்கள், கேட்போம். ஜெர்மனியில் கிடைத்து 2015-இல் விவரிக்கப்பட்ட பாப்போகெலிஸ், சுமார் 24 கோடி ஆண்டு பழைய ஆமை உறவினம். அதன் மண்டையோட்டில் பக்கத்துக்கு இரண்டு துளைகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் யூனோட்டோசாரஸை ஆமையின் முன்னோடியாகப் பலர் கருதுகின்றனர். அதன் இளம் விலங்கில் மேல் துளை திறந்திருக்க, வளர்ந்ததில் ஓர் எலும்பு அதை மூடிவிடுகிறது. ஆக, ஆமையின் மூடிய மண்டையோடு தொல்பழம் பண்பு அன்று, பிற்காலத்தில் அடைபட்டது.

கல்லேடு:
ஆமை வழக்கில் தோற்றேன் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் துளைக்கு மாற்றாக நீங்கள் நம்பும், உறவுகளைக் காட்டும் கிளைமரம் நிலைத்து நிற்கிறதா? உடும்பு போன்ற உடலமைப்புடைய வரனோபிடுகளை நெடுங்காலம் சினாப்சிடு, அதாவது பாலூட்டிகள் தோன்றிய கிளையைச் சேர்ந்தவை என்றோம். 2020-இல் வந்த ஓர் ஆய்வு அவற்றை ஊர்வனவற்றின் பக்கம் நகர்த்தியது. துளையற்ற கிளை எனப்பட்ட பாராரெப்டைல்களையும் அதே ஆய்வு டயாப்சிடுகளுக்குள் கொண்டுபோய் வைத்தது. ஆய்வுக்கு ஆய்வு முகவரி மாறும் விலங்கை மாணவருக்கு எந்தப் பெயரால் அறிமுகப்படுத்துவது?

தொல்நடை:
இடையில் ஒரு குறிப்பு. பாராரெப்டைல்களுள் வைக்கப்படும் மெசோசாரஸுக்குக் கீழ்த்துளை இருந்ததாக 2012-இல் காட்டப்பட்டது. ஆகவே 'துளையற்ற கிளை' என்பது முன்பே ஆட்டம் கண்டுவிட்டது. காலக்கணக்கும் அப்படித்தான். கனடாவின் ஜாகின்ஸில், மரக்கட்டைகளின் உட்குழிவில் கிடைத்த ஹைலோனோமஸ், சுமார் 31 கோடி ஆண்டு பழையது. அதையே மிகத் தொன்மையான ஊர்வனமாகக் காட்டிவந்தோம். 2025-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து, ஏறத்தாழ 35.5 கோடி ஆண்டு பழையவை எனக் கணிக்கப்பட்ட, ஊர்வன வகை விலங்கினுடையவை எனக் கருதப்படும் நகத்தடங்கள் அறிவிக்கப்பட்டன. தடத்தில் மண்டையோடு கிடையாது, துளையை எண்ணவும் வழியில்லை.

வேர்க்கிளை:
முகவரி மாறுகிறது என்பது நியாயமான குறைதான். ஆயினும் அது ஏன் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். கண்குழிக்குப் பின்னுள்ள இந்தப் பொட்டுப்பகுதித் துளை தாடைத் தசைகளோடு தொடர்புடையது. அதன் விளிம்பில் தசைகள் பற்றிக்கொள்ளும். கடிக்கும் முறை மாறினால் அந்த இடத்து எலும்பும் மாறும் என்பதால், வெவ்வேறு கிளைகளில் துளை தனித்தனியே திறக்கவும் அடைபடவும் கூடும். அப்படிப்பட்ட ஒரே பண்பை நம்பாமல் நூற்றுக்கணக்கான பண்புகளை ஒருசேர ஒப்பிடும்போது, புதிய எலும்பு கிடைத்தால் முடிவு நகரத்தான் செய்யும். நகராதவையும் உண்டு: முதுகில் பாய்போன்ற அமைப்புடைய சினாப்சிடான டைமெட்ரோடான் பல்லியைவிட நமக்கே நெருங்கிய உறவினம் என்பதில் இன்று பூசல் இல்லை.

கல்லேடு:
சரி, அனாப்சிடு என்பதை உறவுப் பெயராக இனி எழுத மாட்டேன். மண்டையோட்டின் வடிவத்தைச் சொல்லும் சொல்லாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். வரனோபிடுகளை மட்டும், வேறு பண்புத் தொகுப்பைக் கொண்டு செய்யும் ஆய்வும் அதே முடிவுக்கு வரும்வரை, பழைய இடத்திலிருந்து நகர்த்துவதாக இல்லை.