லீஸ் முடிந்துவிட்டது, காலி செய்யச் சொல்கிறார்கள், உடனே உதவி தேவை

பேட்டை_செல்வி
வணக்கம். கிருஷ்ணகிரி பழைய பேட்டையில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டு லீஸ் தை மாதத்தோடு முடிந்தது, நேற்று பதிவுத் தபாலில் 15 நாளில் காலி செய்யுங்கள் என்று கடிதம். அம்மா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. வாடகை ஒரு மாதம்கூட பாக்கி வைத்ததில்லை, வீட்டு வரி, கரண்ட் எல்லாம் எங்கள் பேரில்தான். வெளியே அனுப்ப முடியுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓசூர்வாசி
அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தீர்கள்? முழுப் பணமும் கைக்கு வராமல் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். இங்கெல்லாம் மூன்று வருஷ லீஸ் முடிந்ததும் 'அடுத்த ஆள் வந்தால்தான் பணம்' என்று மாதக்கணக்கில் இழுக்கிறார்கள்.

காவேரிப்பட்டணம்_முருகேசன்
எந்த லீஸ்ம்மா? மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு இருக்கும் போக்கியமா, மனையை மட்டும் எடுத்து நீங்களே கட்டிய வீடா? பத்திரம் பதிவானதா? எத்தனை வருஷம்?

பேட்டை_செல்வி
போக்கியம் இல்லை அண்ணா, மனை லீஸ். 50 வருஷத்துக்குத் தாத்தா 1975இல் பதிவு செய்தது, வீடும் அவர் கட்டியது. பத்திரத்தில் தர்மபுரி மாவட்டம் என்று இருக்கிறது, அதில் ஏதாவது சிக்கல் வருமா?

காவேரிப்பட்டணம்_முருகேசன்
வராது. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதே 2004இல்தான். சர்வே எண் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அரூர்_தங்கவேல்
50 வருஷமாக அனுபவத்தில் இருக்கிறீர்கள், 12 வருஷம் தாண்டினாலே இடம் அனுபவிக்கிறவனுக்குச் சொந்தம். வரி ரசீதும் உங்கள் பேரில். தைரியமாக உட்காருங்கள் தங்கச்சி.

பத்திரம்_பார்ப்பவர்
தங்கவேல், இதே தவறை இங்கே எத்தனை முறைதான் திருத்துவது? வாடகை கட்டியவர் இடம் இன்னொருவருடையது என்று ஒப்புக்கொண்டவர், அவர் எதிரிடை அனுபவம் (பிறர் இடத்தை 12 வருஷம் தன்னுடையதாகவே அனுபவித்ததால் வரும் உரிமை) பேச முடியாது. வரி ரசீது உரிமைப் பத்திரமும் ஆகாது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 111வது பிரிவின்படி காலம் முடிந்தால் லீஸ் தானாக முடிகிறது. அதற்குப் பிறகும் சொந்தக்காரர் வாடகையை வாங்கியிருந்தால்தான் 116வது பிரிவின்படி லீஸ் தொடரும், அதுவும் மாதவாடகையாக. அம்மா, தைக்குப் பிறகு வாடகை வாங்கினார்களா? சொந்தக்காரர் யார்? முக்கியமான இரண்டையும் விட்டுவிட்டுக் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது? கொஞ்சம் யோசித்து எழுதப் பழகுங்கள்.

பாலக்கோடு_வாணி
பயந்துபோய் எழுதுகிற பெண்ணிடம் இப்படியா சார் பேசுவது? செல்வி, 1921ஆம் வருஷத்துச் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மனையில் நாம் கட்டிய வீட்டுக்கு இழப்பீடு உண்டு, மூன்று மாத நோட்டீஸ் இல்லாமல் வழக்கே போட முடியாது. வழக்கு வந்தால், சம்மன் கிடைத்த ஒரு மாதத்துக்குள் மனையை நமக்கே விற்கச் சொல்லி மனு போடலாம். உங்கள் ஊருக்கு அந்தச் சட்டத்தை நீட்டித்திருக்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள்.

பேட்டை_செல்வி
இடம் கோயிலுடையது அக்கா. எங்கள் தெரு முழுக்கக் கோயில் இடம்தான். தையிலிருந்து வாடகையை வாங்க மறுக்கிறார்கள்.

பத்திரம்_பார்ப்பவர்
இதைத்தான் கேட்டேன். வாணி சொன்ன சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, 1996 திருத்தத்தில் கோயில் நிலங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். உங்களுக்கு 1959ஆம் வருஷத்து அறநிலையச் சட்டம். அதில் 78வது பிரிவு லீஸ் முடிந்த பிறகும் இருப்பவரை ஆக்கிரமிப்பாளர் என்றே சொல்கிறது, அதனால் சும்மா உட்காருவது ஆபத்து. ஆனால் கோயில் செயல் அலுவலரின் 15 நாள் கடிதம் வெளியேற்றும் உத்தரவு இல்லை, அறநிலையத் துறை இணை ஆணையர் நோட்டீஸ் கொடுத்து உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். இன்றே லீஸ் புதுப்பிக்க மனு எழுதி ஒப்புகை வாங்குங்கள், வாடகையை வரைவோலையாக அனுப்புங்கள். ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட லீஸுக்கு 34வது பிரிவில் ஆணையர் அனுமதி வேண்டும், 1975இல் வாங்கினார்களா என்று தேடுங்கள், இல்லாவிட்டால் பழைய லீஸே செல்லாது என்பார்கள். புதுப்பித்தால் 34-ஏ பிரிவில் சந்தை மதிப்பை வைத்து வாடகை போடுவார்கள், நிச்சயம் ஏறும். அதிகம் என்றால் 30 நாளில் ஆணையரிடம் மேல்முறையீடு.

அரூர்_தங்கவேல்
ஏறும் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். பாறையும் முள்ளுமாகக் கிடந்த இடத்தை மனையாக்கியது யார்? இன்று அதற்குச் சந்தை விலை வந்ததே அந்தக் குடும்பங்களால்தானே.

காவேரிப்பட்டணம்_முருகேசன்
அதற்காக 1975ஆம் வருஷத்து வாடகையிலேயே இருக்க முடியுமா தங்கவேல்? எங்கள் ஊர்க் கோயிலில் ஒருகால பூஜைக்கே எண்ணெய் வாங்கிக் கொடுக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது, நிலமோ ஏக்கர் கணக்கில்.

அரூர்_தங்கவேல்
வருமானம் வேண்டும் என்றால் கடைக்காரர்களிடம் வசூலிக்கட்டும். ஓட்டு வீட்டில் இருப்பவர்களும் அந்த மதிப்பில்தான் கட்ட வேண்டும் என்றால் அது நியாயமே இல்லை.

பாலக்கோடு_வாணி
இரண்டு பேரும் தனி இழை போட்டுப் பேசுங்கள். செல்வி, அனுமதிக் கடிதம் கிடைத்ததா?

பேட்டை_செல்வி
வக்கீலைப் பார்த்தோம். ஆணையர் அனுமதி நகல் தாத்தா பெட்டியிலேயே இருந்தது. மனு கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டோம், இடத்தை அளக்க வருவார்களாம். எல்லோருக்கும் நன்றி.

பென்னாகரம்_ரவி
எங்களுக்கும் கோயில் மனைதான், அடுத்த வருஷம் முடிகிறது. அனுமதி நகல் எங்களிடம் இல்லை, என்ன செய்வது?

பத்திரம்_பார்ப்பவர்
அறநிலையத் துறை ஆணையர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இப்போதே விண்ணப்பம் போடுங்கள். லீஸ் பத்திரத்தின் ஆவண எண், வருஷம், சர்வே எண் மூன்றையும் எழுத மறக்காதீர்கள்.