அக்காவின் ஈரலில் ஒரு கட்டி, வெட்டி எடுக்கலாமா? உதவி தேவை

வணக்கம். நாங்கள் களுவாஞ்சிகுடி. அக்காவுக்கு 54 வயது. 2021இல் மார்புப் புற்றுநோய்க்கு இடது மார்பை எடுத்து, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்து, ஹோர்மோனைத் தடுக்கும் தமொக்சிஃபென் குளிசையையும் ஒழுங்காகப் போட்டு வந்தார். போன வருடம் வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம், சோறு இறங்கவில்லை. ஸ்கேனில் ஈரலின் வலப்பக்கம் 2.5 சென்ரிமீற்றரில் ஒரே கட்டி. மார்பிலிருந்து பரவியதுதான் என்று பயொப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை) சொன்னது: ஹோர்மோன் பொசிட்டிவ் (ஹோர்மோனால் வளரும் வகை), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் கூடுதலாக இல்லாதது). எலும்பு, நுரையீரலில் ஒன்றும் இல்லை.

இப்போது ஹோர்மோனைக் குறைக்கும் லெட்ரோசோலும், புற்றுக் கலங்கள் பெருகுவதைத் தடுக்கும் ரைபோசிக்ளிப்பும் போடுகிறார், கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. வெட்டி எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டோம். பெருங்குடல் புற்றுநோய் ஈரலுக்குப் போனால் வெட்டுவது வழக்கம்தான், ஆனால் மார்புப் புற்றுநோயில் மருந்துதான் முதல், ஒன்றிரண்டு கட்டி மட்டும் இருந்து, வேறெங்கும் பரவாமல், மருந்துக்கும் கட்டுப்பட்டவர்களுக்குத்தான் சத்திரசிகிச்சை பற்றி யோசிப்பார்கள் என்றார் டொக்டர். அக்காவுக்கு இதெல்லாம் பொருந்துகிறதே! கொழும்பில் தனியாகக் காட்டினோம். ஒருவர் வெட்டலாம் என்கிறார், மற்றவர் ஊசி ஏற்றிச் சூட்டால் கட்டியைக் கருக்கினால் போதும் என்கிறார். காசை எப்படியும் புரட்டுவோம், வெட்டப் போய் மருந்து இடையில் நின்றுவிடுமோ என்பதுதான் பயம். ரிப்போர்ட் ஃபைலை அக்கா தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து ராகம ஆஸ்பத்திரி ஈரல் பிரிவுக்குப் போய் இப்படி ஒரு கட்டியைக் காட்டியவர்கள் இருந்தால், யாரிடம் கடிதம் வாங்கிப் போனீர்கள்?