மில் முதலாளி வீட்டு ஹால் செட், மானிட்டரில் ரிசப்ஷன் மேடை மாதிரி தெரிகிறது. எங்கே தப்பு?

செட்டுக்குப் புதுசு:
வணக்கம். மதிய நேர சீரியல் ஒன்றில் கலை உதவியாளராக இருக்கிறேன். இதுவரை வாடகை பங்களாவில்தான் ஷூட்டிங் நடந்தது. இப்போது அந்த வீடு கிடைக்காததால் ஹாலை மட்டும் ஸ்டுடியோ ஃப்ளோரில் செட்டாகப் போட்டிருக்கிறோம். 32 அடி அகலம், 24 அடி ஆழம். கதைப்படி கோயம்புத்தூரில் மூணு தலைமுறையாக மில் நடத்தும் குடும்பம்.

தங்க நிறக் கால் வைத்த வெள்ளை சோஃபா, நடுவில் சாண்ட்லியர், தரையில் மார்பிள் டிசைன் வினைல், மூணு சுவரிலும் பளபளப்பான வால்பேப்பர், ஆளுயரப் பூஜாடி இரண்டு. நேரில் பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். டெஸ்ட் ஷூட்டில் மானிட்டரைப் பார்த்த டைரக்டர், "இது வீடா, ரிசப்ஷன் மேடையா?" என்று கேட்டுவிட்டார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. போதாததற்கு சாண்ட்லியர் வேறு துடிக்கிறது.

புதிதாக எதுவும் வாங்கப் பணம் இல்லை. ஆசாரியும் பெயின்டரும் இரண்டு நாள் இருப்பார்கள். தரைக்கு மட்டும் ஆத்தங்குடி டைல்ஸ் பிரின்ட் மாற்றலாமா என்று யோசிக்கிறேன். திங்கட்கிழமை ஷூட்டிங். உதவுங்கள்.

செட் ஆசாரி:
தம்பி, பொருளை விடுங்க. சுவர் எத்தனை அடி உயரம்? வாசல்ல நின்னு பக்கவாட்டுல பாத்தா சுவரோட கனம் எவ்வளவு தெரியுது?

செட்டுக்குப் புதுசு:
உயரம் 8 அடி அண்ணே. வாசலில் ப்ளைவுட் ஓரம்தான் தெரிகிறது. பிரவுன் பெயின்ட் அடித்திருக்கிறோம்.

செட் ஆசாரி:
அங்கதான் கோளாறு. ப்ளைவுட் ஷீட்டு 8 அடி. அவசரத்துல போடுற செட்டு எல்லாம் அந்த 8 அடியிலயே நின்னுடும். பழைய பணக்கார வீட்டு ஹால் 12 அடிக்குக் குறையாது. வைட் ஷாட்டுல தெரியுற பின்சுவருக்கு மட்டுமாவது மேல 4 அடி கூட்டுங்க. ஒட்டு தெரியாம இருக்க அந்த இடத்துல ஒரு மர பீடிங், அதாவது மெல்லிசான மரச் சட்டம், ஓட விடுங்க, அதுவே அழகாவும் இருக்கும்.

அடுத்து வாசல். செங்கல் சுவர்னா 9 அங்குல கனம் இருக்கும். உங்க வாசல்ல முக்கால் அங்குலம்தான் இருக்கு. ஆள் உள்ள நுழையுற ஒவ்வொரு தடவையும் வீடு அட்டைன்னு கேமரா காட்டிக் கொடுக்கும். மிச்சத் துண்டை வெச்சு நிலைக்கு உள்பக்கம் 9 அங்குலப் பலகை அடிச்சு, சுவர் கலரையே கொடுங்க. அரை நாள் வேலைதான். முப்பது வருசமா செட் போடுறேன், இத்தனை சின்ன வேலைல இத்தனை பெரிய வித்தியாசம் வேற எதுலயும் நான் பாத்ததில்ல.

மாடிப்படி இருக்கா? இருந்தா அடியில பழைய மெத்தை, சாக்கு எதையாவது அடைச்சு வைங்க. கதாநாயகி இறங்கி வரும்போது டொக் டொக்னு காலிப் பெட்டிச் சத்தம் கேட்டா அந்த வீட்டுக்கு மரியாதையே போயிடும்.

கேமரா ஆள்:
அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் பங்குக்கு வெளிச்சம்.

சாண்ட்லியர் துடிப்பதற்கு அநேகமாக டிம்மரும் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) மலிவு எல்இடி பல்புகளும்தான் காரணம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கேமரா ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைக்கச் சொல்லுங்கள். டிம்மரைக் கழற்றிவிட்டு மஞ்சள் ஒளி பல்புகளாக மாற்றுங்கள்.

சோஃபா சுவரை ஒட்டிக் கிடக்கிறதா? இடநெருக்கடி உள்ள வீட்டில்தான் சாமான் சுவரோடு ஒட்டியிருக்கும். 6 அடி முன்னால் இழுங்கள். சோஃபாவுக்குப் பின்னால் ஒரு ஆள் நடந்து போக முடிந்தாலே அது பெரிய வீடு. அப்படி இழுத்தால் நடிகர் மேல் விழும் வெளிச்சம் சுவருக்குப் போகாது, சுவரை ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) இருட்டாக வைக்கலாம். எல்லாச் சுவரும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் கல்யாண வீடியோதான் வரும்.

அமெரிக்காவில் 1973-ல் தொடங்கி இன்னும் ஓடும் பகல்நேரத் தொடர் 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்'. அதுவும் மூணு சுவர் செட்தான். அந்தக் காலத்துப் பகல் தொடர்கள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தபோது, ஓரங்களை நிழலில் விட்டு முகங்களை நெருக்கமாக எடுத்துத்தான் அது தனித்துத் தெரிந்தது. சுவர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாதபோது வீடு பெரிதாகிவிடுகிறது.

வால்பேப்பர் பளபளப்பை மேட் வார்னிஷ் அடித்துக் கொல்லுங்கள்.

கோவை அக்கா:
நான் சினிமாக்காரி இல்லை தம்பி, தினமும் மதியம் சீரியல் பார்க்கிறவள். ஆனால் மில் வீடுகளுக்குள் போய்வந்து வளர்ந்தவள், அதனால் சொல்கிறேன்.

ஆத்தங்குடி டைல்ஸ் வேண்டாம். அது காரைக்குடிப் பக்கம், செட்டிநாட்டு வீட்டுத் தரை. கண்ணாடி மேல் வர்ணக் கலவையை ஊற்றிக் கையால் செய்வதால்தான் அந்த மினுமினுப்பு. பிரின்டில் அது வரவே வராது. எங்கள் ஊரில் முதல் மில் 1888-லேயே வந்துவிட்டாலும், 1930-களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் மில்கள் பெருகின. தாத்தா அப்போது கட்டிய வீடு என்றால் ரெட் ஆக்ஸைடு தரை, பிற்பாடு சேர்த்த அறையில் மொசைக். உங்கள் பெயின்டரே ரெட் ஆக்ஸைடு மாதிரி அடித்துவிடுவார்.

இன்னொன்று. மூணு தலைமுறை வீட்டில் எல்லாச் சாமானும் ஒரே நாளில் வாங்கிய மாதிரி ஜோடி சேர்ந்து நிற்காது. தாத்தாவின் தேக்கு சாய்வு நாற்காலி கைப்பிடியில் பாலிஷ் தேய்ந்து வெளுத்திருக்கும். அதை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். ஊஞ்சல் ஒன்று, சந்தன மாலை போட்ட பெரியவர் படம் ஒன்று. வெள்ளை சோஃபாவை மருமகள் வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று போதும். பூஜாடியை எடுத்துவிடுங்கள், பிளாஸ்டிக் பூ திரையில் உடனே தெரிகிறது. ஸ்விட்ச்போர்டு இல்லாத சுவரைப் பார்த்தாலும் எனக்கு உறுத்தும்.

செட்டுக்குப் புதுசு:
எல்லாருக்கும் நன்றி. இன்று இரவு டெஸ்ட் எடுத்தோம். பின்சுவர் 12 அடி ஆகிவிட்டது, வாசலில் 9 அங்குலம் அடித்தாயிற்று. சோஃபாவை இழுத்ததும் கேமராமேன் தானாகவே பின்சுவர் மேல் விழும் லைட்டைக் குறைத்தார். சாண்ட்லியர் துடிக்கவில்லை. ரெட் ஆக்ஸைடு நாளை காய்ந்துவிடும். டைரக்டர் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தார், "பெரியவர் சீனை இங்கேயே வை" என்றார்.

ஒன்று மட்டும் பாக்கி. கர்ட்டன் தரையிலிருந்து மூணு அங்குலம் மேலே நிற்கிறது, துணி மீதி இல்லை.

செட் ஆசாரி:
கம்பியை மூணு அங்குலம் கீழ இறக்கிட்டு, மேல மரப்பட்டி ஒண்ணு அடிச்சு மறைங்க. சுருக்கம் போதலைன்னா ரெண்டு ஜன்னல் துணியை ஒரு ஜன்னலுக்கே போடுங்க. காலி ஆகுற ஜன்னலை மூடி, பெரியவர் படத்தை அங்க மாட்டிடலாம்.