நாலு வயசுப் பையனின் அடம்: பெற்றோர் பயிற்சிக்குப் போனவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் இருக்கிறோம், வீட்டுக்காரருக்கு பனியன் கம்பெனி வேலை. பையனுக்கு நாலு வயது, கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரள்கிறான், தங்கச்சியைக் கடிக்கிறான். நான் அடித்துவிடுகிறேன், என் மாமனார், அவனுக்கு அப்பாரு, உடனே செல்போனைக் கையில் கொடுத்துவிடுகிறார்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான 'டிரிபிள் பி' மாதிரியான பெற்றோர் பயிற்சிகளைப் பற்றிப் படித்தேன். அதில் முதலில் பழக்குவது நம்மைத்தான். அழுதால் கிடைக்கும் என்று தெரிந்தால் அடம் வளரும், நல்லதைச் செய்த உடனே இன்னது நன்றாகச் செய்தாய் என்று பாராட்டினால் அது வளரும், அவ்வளவுதான் அடிப்படை. 2023இல் உலக சுகாதார நிறுவனமும் பெற்றோர் பயிற்சிகளைப் பரிந்துரைத்திருக்கிறது.

ஒரு வாரமாக தினம் பத்து நிமிடம் அவன் இழுத்த இழுப்புக்கு விளையாடுகிறேன். நேற்று "தங்கச்சிக்குப் பொம்மை கொடுத்தியே சாமி" என்றேன், அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் கடிப்பது நிற்கவில்லை, அதைக் கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது.

அவிநாசி, கோவைப் பக்கம் தமிழில் நேரில் இப்படிப் பயிற்சி தருகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை என்றால் இவரும் வருவார். அப்புறம், போன் கொடுக்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் மனசு நோகாமல் எப்படிச் சொன்னீர்கள்?