ஜப்பானிய மீனவர் உரிமத் தடை: எந்தத் தீர்ப்பைப் படிப்பது?

கரோல்பாக் கதிர்: எல்.எல்.எம். செமினாருக்கு இதை எடுத்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியரை மீன்பிடித் தொழிலிலிருந்து விலக்கியது அமெரிக்கா, கனடா இரண்டிலும் ஒரே வழியில்தானா? டெல்லியில் இருந்தபடியே மூலத் தீர்ப்பு கிடைக்குமா?

ஆர்.கே.புரம் வாசகன்: இல்லை. கலிபோர்னியா உரிமத்தில் கை வைத்தது, கனடா படகில். கலிபோர்னியாவில் 1943 சட்டம் ‘ஜப்பானிய அந்நியருக்கு’ வணிக மீன்பிடி உரிமம் கிடையாது என்றது. அப்பட்டமாக இனத்தைச் சொன்னால் நீதிமன்றத்தில் நிற்காது என்று பயந்து, 1945-இல் ‘குடியுரிமை பெறத் தகுதியற்றவர்’ என்று மாற்றினார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஜப்பானியர் குடியுரிமை பெற முடியாது; அதனால் அடிபட்டது அதே ஆட்கள்தான். (1946 வரை இந்தியர்களும் அந்தப் பட்டியலில்தான், செமினாரில் சொன்னால் எடுபடும்.) 1915 முதல் 1942 வரை உரிமம் வைத்திருந்த டோராவோ டகாஹாஷி, போர்க்காலத் தடுப்பு முகாமிலிருந்து திரும்பியதும் உரிமம் மறுக்கப்பட்டு வழக்குப் போட்டார். கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் தோல்வி; 1948 ஜூன் 7 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 7-2 என வெற்றி. ‘கடல் மீன் எங்கள் மாநிலச் சொத்து’ என்ற வாதம் செல்லவில்லை.

தீர்ப்பு இருப்பது யூ.எஸ். ரிப்போர்ட்ஸ் (அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு) தொகுதி 334, பக்கம் 410. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் இலவச பிடிஎஃப். நீதிபதி பிளாக் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்போடு நிறுத்தாதீர்கள். 1945 திருத்தத்தின் உள்நோக்கத்தை உரித்துக் காட்டுவது, முடிவோடு ஒத்துப்போன நீதிபதி மர்ஃபியின் தனிக் கருத்துதான்.

டெர்மினல் தீவுக்காரர்களுக்கு (லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தில் இருந்த ஜப்பானிய மீனவர் குடியிருப்பு) 1942 பிப்ரவரியில் 48 மணி நேரக் கெடு கொடுத்தது கடற்படை. அது வெளியேற்றம், உரிமச் சட்டத்தோடு கலக்காதீர்கள்.

துவாரகா தமிழன்: கனடா பாதி: மேற்குக் கடற்கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் உரிமம் பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு (கனடாக் குடிமக்களும் அப்போது அதில் சேர்த்தி) மட்டும். அதனால் படகு பறிகொடுத்தவர்கள் பெரும்பாலும் பிரஜைகளே. ‘குடியுரிமை இல்லாததால்தான்’ என்று எழுதினால் அங்கேயே சறுக்கும். மீன்பிடித் தொழிலை ஆராய்ந்த 1922 டஃப் ஆணையத்துக்குப் பிறகே ஜப்பானியரின் உரிமங்களை அரசு குறைத்து வந்தது. 1941 டிசம்பரில் கடற்படை சுமார் 1,200 படகுகளைப் பிடித்து, ஃபிரேசர் ஆற்றில் ஆனிவில் பகுதியில் நெருக்கிக் கட்டியது. ஒன்றோடொன்று மோதிச் சேதம். 1942-இல் ஒரு குழு அமைத்து விற்றுத் தீர்த்தார்கள். கடற்கரைக்குத் திரும்ப அனுமதி 1949 ஏப்ரல் 1-இல்தான். அதற்குள் படகு யாரோ ஒருவர் கையில்.

கரோல்பாக் கதிர்: நன்றி சார். நம் அரசியலமைப்பில் டகாஹாஷி ஜெயித்திருப்பாரா?

ஆர்.கே.புரம் வாசகன்: தொழில் செய்யும் உரிமை தரும் 19(1)(ஜி) குடிமக்களுக்கு மட்டும், அது உதவாது. சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14-ஆம் பிரிவு எந்த நபருக்கும் உண்டு. அதில்தான் போராட வேண்டும். அங்கே அவருக்குக் கைகொடுத்ததில் பாதி, குடியேற்றம் மத்திய அரசின் விஷயம், மாநிலம் குறுக்கே வரக்கூடாது என்பது. அதை இங்கே அப்படியே ஒட்டாதீர்கள்.