பேட்மேன் அனிமேட்டட் சீரிஸ் ரசிகர்கள் பழைய கருப்பு வெள்ளை படங்கள்ல எதுலேருந்து ஆரம்பிக்கலாம்?

இரவுப்பறவை:
மக்களே வணக்கம். நான் முழுக்க முழுக்க அனிமேஷன் சீரிஸ் ஆளு. பேட்மேன் தி அனிமேட்டட் சீரிஸ், சாமுராய் ஜாக், அவதார் தி லாஸ்ட் ஏர்பெண்டர், கௌபாய் பீபாப் இதெல்லாம் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. பேட்மேன்ல மிஸ்டர் ஃப்ரீஸ்ங்கிற வில்லன் வர்ற 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' வெறும் இருபத்திரண்டு நிமிஷம்தான், ஆனா கடைசில அந்த ஆளு ஜெயில் ரூம்ல தனியா உக்காந்து பொம்மை ஆடுற கண்ணாடி உருண்டைய கையில வச்சுக்கிட்டு பொண்டாட்டிகிட்ட மன்னிப்பு கேக்குறப்ப வர்ற கனம் இருக்கே, ரெண்டரை மணி நேர சூப்பர்ஹீரோ படங்கள்ல கூட எனக்கு அது கிடைச்சதில்ல.

இப்ப விஷயம் என்னன்னா, இந்த சீரிஸ் எடுத்தவங்க எல்லாருமே 40கள், 50கள்ல வந்த படங்களைப் பாத்து வளர்ந்தவங்கன்னு எங்க பாத்தாலும் படிக்கிறேன். எனக்கும் அதெல்லாம் பாக்கணும்னு உண்மையிலேயே ஆசை. ஆனா உக்காந்தா அரை மணி நேரத்துல கை தானா போனுக்குப் போயிடுது. உலகின் தலைசிறந்த நூறு படம் மாதிரி லிஸ்ட் வேண்டாம் ப்ளீஸ், என் சீரிஸ்லேருந்து நேரா போற வழி ஒண்ணு சொல்லுங்க.

ரீல்பெட்டி:
ப்ரோ சரியான கேள்வி. உங்களுக்கு தி தேர்ட் மேன், 1949. வேற யோசிக்கவே வேண்டாம்.

ஏன்னு சொல்றேன். பேட்மேன் சீரிஸ்ல பேக்கிரவுண்ட் எல்லாம் கருப்பு பேப்பர்ல வரைஞ்சது, வழக்கமா வெள்ளை பேப்பர்ல வரைஞ்சு இருட்டு வேணுங்கிற இடத்துல கலர் ஏத்துவாங்க, சீரிஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான எரிக் ரடோம்ஸ்கி அதை அப்படியே திருப்பிப் போட்டு கருப்புலேருந்து ஆரம்பிச்சு வெளிச்சம் படுற இடத்தை மட்டும் வரைய வச்சாரு, அதனாலதான் பேட்மேனோட ஊரான காதம் சிட்டில ஒரு ஜன்னல், ஒரு தெருவிளக்கு, ஒரு கட்டடத்தோட ஓரம் இவ்வளவுதான் தெரியும், மீதி எல்லாம் இருட்டு. தேர்ட் மேன்லயும் அதே கணக்குதான். போர் முடிஞ்ச வியன்னா, நைட்டு, ஈரமான கல் தெரு, கேமராவ சாய்ச்சு வச்சு எடுத்த ஃப்ரேம். ஒரு இருட்டு வாசப்படில ஷூ மட்டும் தெரியும், ஒரு பூனை வந்து அந்தக் கால்ல உரசும், மேல வீட்டுல யாரோ லைட்டப் போடுவாங்க, அந்த வெளிச்சம் நேரா ஒரு மூஞ்சில விழும். யாருன்னு சொல்ல மாட்டேன். அந்த ஒரு நிமிஷம் பாத்துட்டீங்கன்னா காதம் சிட்டி எங்கேருந்து வந்துச்சுன்னு கண்ணுக்கே தெரிஞ்சுடும்.

ரெண்டு மணி நேரம்கூட இல்ல, மியூசிக்கு ஜிதர்ங்கிற ஒரே ஒரு தந்தி வாத்தியம்தான். அதோட 1941லேருந்து 43 வரைக்கும் வந்த சூப்பர்மேன் கார்ட்டூன் குறும்படங்கள் 17 இருக்கு, ஒண்ணொண்ணும் சுமார் பத்து நிமிஷம்தான், ரடோம்ஸ்கியோட சேந்து பேட்மேன் சீரிஸை உருவாக்கின புரூஸ் டிம் டீம் அதைப் பாத்துதான் அந்த ஸ்டைலையே புடிச்சாங்க. அதையும் விட்டுடாதீங்க.

கோடில்லாச்சித்திரம்:
சாமுராய் ஜாக் பத்தி யாரும் பேசலையே. ஜாக் புடிச்சவங்களுக்கு ஜப்பான் டைரக்டர் குரோசவா படங்கள்தான். எல்லாரும் எடுத்தவுடனே செவன் சாமுராய் பாருன்னு சொல்லுவாங்க, அது 207 நிமிஷம், போனுக்கு கை போற ஆளுக்கு முதல்லயே அதைக் குடுக்காதீங்க. யோஜிம்போ பாருங்க, 1961. ஊரு பேரு இல்லாம நடந்து போற சாமுராய், ரோடு பிரியுற இடத்துல ஒரு குச்சியத் தூக்கிப் போட்டு அது காட்டுற பக்கம் போவான், ஊருக்குள்ள நுழைஞ்சதும் ஒரு நாய் மனுஷன் கைய வாயில கவ்விக்கிட்டு எதிர்ல ஓடி வரும். ஒரு வசனம் இல்லாம அந்த ஊரு எப்படிப்பட்ட ஊருன்னு சொல்லியாச்சு. ஜாக் ஒவ்வொரு எபிசோட்லயும் புது இடத்துக்குள்ள நுழையுறது இதே மாதிரிதான்.

ஜாக்ல எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த நிஞ்சா எபிசோட். கருப்பு டிரஸ் போட்டவன் நிழல்ல ஒளிவான், வெள்ளை டிரஸ் போட்ட ஜாக் வெளிச்சத்துல ஒளிவான், சூரியன் இறங்க இறங்க வெளிச்சம் குறைஞ்சுகிட்டே போகும், ஸ்கிரீன்ல கருப்பும் வெள்ளையும் தவிர எதுவுமே இருக்காது. 2001ல ஆரம்பிச்ச ஒரு டிவி சீரிஸ், கேரக்டரைச் சுத்தி அவுட்லைன்கூட போடாம, பேச்சே இல்லாம நிமிஷக்கணக்கா ஓட விட்டாங்கன்னா அதை உருவாக்கின கெண்டி டார்டகோவ்ஸ்கிக்கு எவ்வளவு தைரியம் இருந்திருக்கணும்!

வானவில்லி:
மேல சொன்ன படம் எல்லாம் நல்ல படம்தான், மறுக்கல. ஆனா ஒரு விஷயத்துல எனக்கு மனசு ஒப்பல. கிளாசிக் படம்தான் ஒரிஜினல், அனிமேஷன் சீரிஸ் அதோட நிழல்ங்கிற மாதிரி பேச்சு போகுது. அப்படி இல்ல. சீரிஸால மட்டும் செய்ய முடிஞ்சது நிறைய இருக்கு.

அவதார்ல எதிரி நாட்டு இளவரசன் ஜூகோவை எடுத்துக்கோங்க. 'ஜூகோ அலோன்' எபிசோட் பாத்தா பழைய வெஸ்டர்ன் படம்தான், ஊருக்குள்ள வர்ற அந்நியன், ஒரு குடும்பம், ஒரு சின்னப் பையன், ரௌடிங்க. 1953ல வந்த ஷேன் ஞாபகம் வரும். ஆனா ஷேன்ல பையன் திரும்பி வா திரும்பி வான்னு கூப்பிடுவான், இங்க ஜூகோ யாருன்னு தெரிஞ்சதும் அந்தப் பையனே வெறுத்துடுவான். அதுக்கப்புறமும் ஜூகோ மாறிடல, ரெண்டாவது சீசன் முடிவுல நல்ல வழி கண்ணு முன்னாடி இருந்தும் மாமா ஐரோவை விட்டுட்டு தங்கச்சி பக்கம் போவான். 61 எபிசோட் இருந்ததாலதான் ஒரு மனுஷனை இப்படித் திரும்பத் திரும்ப விழ வைக்க முடிஞ்சுது. அப்புறம் கூடாரத்துல ஐரோ தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் உக்காந்து காத்திருந்து மன்னிப்பு கேப்பான் பாருங்க, வாக்கியத்தை முடிக்கக்கூட விடாம ஐரோ இழுத்துக் கட்டிப்பாரு. ரெண்டு மணி நேரப் படத்துல அந்த அணைப்புக்கு இவ்வளவு பாரம் வராது, மூணு சீசன் கூடவே நடந்தவங்களுக்குத்தான் அது வரும்.

அதனால இரவுப்பறவை, எங்கேருந்து எது வந்துச்சுன்னு துப்பறியுற மாதிரி பாக்காதீங்க. சும்மா படமா பாருங்க.

இரவுப்பறவை:
அக்கா ஐரோ சீன் சொல்லிட்டீங்க, நான் இன்னைக்கே மறுபடி பாக்கணும் இப்ப. ரீல்பெட்டி ப்ரோ, தேர்ட் மேன் முதல்ல, யோஜிம்போ ரெண்டாவது, முடிவு பண்ணிட்டேன். ஆனா வெறும் பேச்சாவே இருக்கிற படம் எனக்கு செட் ஆகுமா? 12 ஆங்ரி மென் பாருன்னு எல்லாரும் சொல்றாங்க, ஒரே ரூம்ல பன்னெண்டு பேரு பேசிக்கிட்டே இருப்பாங்கன்னு கேட்டாலே பயமா இருக்கு.

ரீல்பெட்டி:
கண்டிப்பா ஆகும். 96 நிமிஷம்தான் ப்ரோ. அது பேச்சுப் படம்னு நெனைக்காதீங்க, கேமராவ கவனிங்க. டைரக்டர் சிட்னி லூமெட் ஆரம்பத்துல கேமராவ கண்ணு மட்டத்துக்கு மேல வச்சிருப்பாரு, நடுவுல கண்ணு மட்டத்துக்கு வரும், கடைசில அதுக்குக் கீழ போயிடும், சீலிங் தெரிய ஆரம்பிக்கும். லென்ஸையும் மாத்திக்கிட்டே போனதால பின்னாடி செவுரு நெருங்கி வர்ற மாதிரி இருக்கும். நீங்க கவனிக்காமலே மூச்சு முட்டும், ஏன்னு தெரியாது. பேட்மேன்ல பேக்கிரவுண்ட் பாத்து ரசிக்கிற ஆளு நீங்க, உங்களுக்கு இது புடிபடலைன்னா வேற யாருக்குப் புடிபடும்!

தேர்ட் மேனை மட்டும் நைட்டு லைட்ட அணைச்சுட்டு பாருங்க. பகல்ல பாத்தா அந்த இருட்டு எல்லாம் ஸ்கிரீன்ல சாம்பலாத்தான் தெரியும்.

கோடில்லாச்சித்திரம்:
கௌபாய் பீபாப் ரசிகர்னு வேற சொல்லியிருக்கீங்க, அதை யாரும் தொடவே இல்ல. அஞ்சாவது எபிசோட் சர்ச் சண்டை பத்தி எழுத ஆரம்பிச்சா பெருசா போகும், தனி த்ரெட் போடுங்க, நான் வர்றேன்.