சாவ் பாலோவுக்குக் குடிவருகிறவர்களுக்கு: தடுப்பூசி, போன், மிக்சி, இன்ன பிற

"அண்ணா, கம்பெனியில் சாவ் பாலோவுக்கு மாற்றிவிட்டார்கள். மனைவி, மூன்று வயதுப் பையனோடு வருகிறேன். பிரேசில் என்றாலே துப்பாக்கிதான் என்று அம்மா அழுகிறார். நிலவரம் எப்படி?"

தம்பி, அம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். இங்கே குடும்பத்தோடு இருக்கிற நம்மவர்களைப் படுத்துவது துப்பாக்கி இல்லை. கொசு, காகிதம், கையில் இருக்கிற போன், இந்த மூன்றும்தான்.

முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் ஊசி. இதைக் கேட்கப்போவது பிரேசில்காரர்கள் இல்லை. ஊருக்குத் திரும்பும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். சென்னைப் பக்கம் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். ஒரு ஊசி ஆயுளுக்கும் செல்லும், ஆனால் போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். இங்கே அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். அவர்கள் தருகிற உள்ளூர் அட்டை மட்டும் போதாது, சர்வதேசச் சான்றிதழைத் தனியாக எடுக்க வேண்டும். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அடித்துப்பிடித்துக் கிளம்பும் நாளில் இதற்கு அலைய முடியாது. அங்கேயே முடித்துவிடுங்கள்.

வந்ததும் சிபிஎஃப் எண். நம் பான், ஆதார் இரண்டும் சேர்ந்த மாதிரி, 11 இலக்கம். மருந்துக்கடையில் ஒரு தலைவலி மாத்திரை வாங்கினாலும் பில் போடுகிறவர் எண்ணைக் கேட்பார். அப்புறம் விசாவோடு வந்தவர்கள் 90 நாளுக்குள் பெடரல் போலீசில் பதிய வேண்டும். நேரம் வாங்குவதே இழுபறி என்பதால் முதல் வாரமே முயலுங்கள்.

இனி போன். நகரின் பெரிய சாலையான அவெனிடா பாலிஸ்டாவில் நடைபாதை ஓரமாக நின்று மேப் பார்த்தால் சைக்கிளில் வருகிறவன் அப்படியே பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். அவனுக்குக் கருவி முக்கியமில்லை, திறந்திருக்கும் திரைதான் வேண்டும். 2020 நவம்பரில் மத்திய வங்கி கொண்டுவந்த பிக்ஸ் நம் யுபிஐ போலவே நொடியில் பணத்தை அனுப்பிவிடும். ஆகவே பிக்ஸ் வரம்பை, அதுவும் இரவு வரம்பை, குறைத்து வையுங்கள். பெரிய கணக்கு இருக்கிற வங்கி ஆப்பைப் பழைய போனில் போட்டு வீட்டிலேயே வைத்துவிட்டு வெளியே போகிறவர்கள் இங்கே நிறைய. வழி பார்க்க வேண்டுமா, ஏதாவது கடைக்குள் போய் நின்று பாருங்கள். மிரட்டிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், வீரம் வேண்டாம். போலீசுக்கு 190, ஆம்புலன்சுக்கு 192. புகாரை ஆன்லைனிலும் பதியலாம்.

வீட்டைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று: மின்சாரம். சாவ் பாலோ நகரில் சாதாரண பிளக்கில் 127 வோல்ட்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியில் உளுந்தைப் போட்டால் முனகிக்கொண்டே சுற்றும், மாவு பொங்காது. வீடு பார்க்கும்போதே சமையலறையில் 220 வோல்ட் பிளக் உண்டா என்று கேளுங்கள். பிரேசிலியா, ரெசிஃபே போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே 220. குளியலறையில் தலைக்கு மேலே ஷவருக்குள்ளேயே ஹீட்டர் இருக்கும், வயரும் கண்ணுக்குத் தெரியும். தண்ணீரைக் குறைத்தால் சூடு கூடும். தண்ணீர் ஓடும்போது கோடை, குளிர்கால ஸ்விட்சைத் தொடாதீர்கள். குழாயைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் எர்த் கொடுக்கவில்லை என்று அர்த்தம். எலக்ட்ரீசியன் வரும்வரை வாளிக் குளியல்தான்.

காய்ச்சலை அலட்சியப்படுத்த வேண்டாம். 2024-ல் மட்டும் நாடு முழுக்க 60 லட்சத்துக்கு மேல் டெங்கு என்று பதிவானது. டிசம்பரிலிருந்து மே வரை கவனம். பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்காமல் மணலைக் கொட்டி வைப்பது இங்கத்திய வழக்கம், நீங்களும் செய்யுங்கள். டெங்குவோ என்று சந்தேகம் இருந்தால் இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கூடாது. அரசு மருத்துவம் வெளிநாட்டவருக்கும் இலவசம். அவசரம் என்றால் 24 மணி நேரமும் திறந்திருக்கிற உப்பா மையங்களுக்குப் போகலாம்.

பழக்கவழக்கத்தில் பெரிய சிக்கல் இல்லை. லிஃப்டில் ஏறினால் காலை வணக்கம் சொல்லுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து 'சூப்பர்' காட்டாதீர்கள், இங்கே அது கெட்ட சைகை. கட்டைவிரலை உயர்த்தினால் போதும். பீட்சாவைக்கூடக் கத்தி, முள்கரண்டியால் சாப்பிடுகிற ஊர் இது. நம் கைச்சாப்பாட்டை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம், அதில் வெட்கமும் வேண்டாம். சைவமா? 'இறைச்சி வேண்டாம்' என்றால் மாட்டிறைச்சியை மட்டும் விலக்கிவிட்டுக் கோழியை வைப்பார்கள். பீன்ஸ் குழம்பிலும் பன்றிக்கொழுப்பு கிடக்கும். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று, 2009-ல் இந்தியாவை வைத்து ஒரு டிவி தொடர் இங்கே சக்கைப்போடு போட்டது. அதனால் முன்பின் தெரியாதவர்கூட உங்களைப் பார்த்து 'அரே பாபா' என்பார். அன்புதான், சிரித்துவிடுங்கள்.

"நன்றி அண்ணா. இன்னொன்று, இரண்டாவது குழந்தைக்கு யோசிக்கிறோம். அங்கே பிரசவம் எப்படி?"

அப்படியென்றால் இன்சூரன்சை முதலில் பாருங்கள். தனியாக எடுக்கிற திட்டத்தில் பிரசவத்துக்கு 300 நாள் வரை காத்திருக்கச் சொல்ல சட்டம் இடம் தருகிறது. 30 பேரோ அதற்கு மேலோ இருக்கிற கம்பெனித் திட்டத்தில், வேலையில் சேர்ந்த 30 நாளுக்குள் பெயர் சேர்த்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. மனைவி பெயரையும் அதற்குள் சேர்த்துவிடச் சொல்லி எச்ஆரிடம் எழுதிக் கேளுங்கள். இங்கே பாதிக்கு மேல் சிசேரியன், தனியார் மருத்துவமனையில் இன்னும் அதிகம். சுகப்பிரசவம் வேண்டும் என்றால் முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் பேசுங்கள். பிரசவ அறையில் நீங்கள் உடன் இருக்கலாம், 2005 முதல் அது சட்டப்படி உரிமை. குழந்தை பிறப்பாலேயே பிரேசில் குடிமகனாகிவிடும், அதை வைத்து உங்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும். ஆனால் இந்திய பாஸ்போர்ட்தான் வேண்டும் என்றால் பிரேசில் பாஸ்போர்ட் எடுக்காமல், ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள நம் நாட்டில் இடமில்லை. எது என்று வளைகாப்புக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.